மால்சுன் வீட்டில் கடற்பாசி ஊறிய காலை

மால்சுன் கோபமாக இருக்கிறாளா இல்லையா என்பதை அவள் வீட்டில் தங்கியிருக்கும் பிள்ளைகள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. கரண்டிச் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். சூப்புச் சட்டியின் விளிம்பில் கரண்டி 'டங்'கென்று ஒரு தடவை பட்டால் சாதாரண நாள். 'டங் டங் டங்' என்றால் எவனோ குப்பையைப் பிரிக்காமல் போட்டிருக்கிறான். சத்தமே இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு, கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, நல்ல பிள்ளைகளாகப் பள்ளிக்கூடம் கிளம்பிவிடுவது உத்தமம்.

சியோலில் ஜெகி சந்தையிலிருந்து மேலே ஏறும் மேட்டுத் தெருவில் இருக்கிறது அந்த வீடு. சாப்பாட்டோடு ரூம். முன்பெல்லாம் வெளியூரிலிருந்து கல்லூரிக்கு வந்த பையன்கள் தங்கினார்கள். இப்போது அந்தத் துரைமார்களுக்குத் தனி அடுப்பும் தனிக் குளியலறையும் வேண்டியிருக்கிறது. அதனால் மால்சுன் வீட்டுக்கு வருவதெல்லாம், மேட்டு உச்சியிலிருக்கும் மொழிப்பள்ளியில் கொரிய மொழி படிக்க வரும் வெளிநாட்டுப் பிள்ளைகள்தான். எல்லாரும் அவளைச் சித்தி என்றுதான் கூப்பிடுவார்கள். சோறு போடுகிறவளை அப்படிக் கூப்பிடுவது அங்கே வழக்கம். அம்மா என்று கூப்பிட யாருமில்லை. புருஷன் பஸ் ஓட்டியவர், போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷமாகிறது. பிள்ளை இல்லையே என்று யாராவது உச்சுக்கொட்டினால், "பெத்திருந்தா ரெண்டு. இப்ப வருசத்துக்கு ஏழெட்டு. பீஸும் அவங்களே கட்டிக்கிறாங்க" என்பாள். கேட்டவர் சிரித்துவிடுவார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

லுவா வந்தது மார்ச் மாதம், பனி இன்னும் சந்து ஓரங்களில் அழுக்காகக் கிடந்தபோது. வியட்நாமில் கடலோரத்து ஊர். தோளில் ஒரு பை, கையில் ஒரு பை, வயிற்றோடு அணைத்தபடி ஒரு மூட்டை. மூட்டைக்குள் துண்டு, துண்டுக்குள் சட்டை, சட்டைக்குள் ஒரு பாட்டில், உப்பில் ஊறி இறங்கிய மீன் சாறு. பாட்டில் உடையவில்லை, மூடிதான் கசிந்திருந்தது. வாசலில் நின்ற பெண்ணைச் சுற்றி ஒரு மீன் சந்தையே நின்றது.

லுவாவுக்கு அப்போது கொரிய மொழியில் வணக்கம் சொல்லத் தெரியும், மன்னிக்கணும் சொல்லத் தெரியும். அந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு நின்றாள். மால்சுன் அந்த மூட்டையை மோந்து பார்த்தாள்.

"நெத்திலியா?"

பெண் பேந்தப் பேந்த விழித்தாள். மால்சுன் அவளை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய், மூலையிலிருந்த தன் ஜாடியைத் திறந்து மூக்குக்கு நேரே நீட்டினாள். மால்சுனும் தெற்கே தீவில் பிறந்தவள்தான். அவள் ஜாடியிலும் நெத்திலிதான் உப்பில் கரைந்துகொண்டிருந்தது. லுவா மோந்தாள். பிறகு முகம் பூராவும் சிரித்தாள். விமான நிலையத்தில் இறங்கியதிலிருந்து அந்தப் பெண் சிரித்த முதல் சிரிப்பு அதுவாகத்தான் இருக்கும் என்று மால்சுனுக்குப் பட்டது. அதற்கப்புறம் அவளால் அந்தப் பெண்ணை மனசாரத் திட்டவே முடியவில்லை. வாயாரத் திட்டினாள், அது வேறு.

திட்டுவதற்கா காரணமில்லை! குளிருக்காகத் தரைக்கடியில் ஓடும் சூட்டை எப்படிக் கூட்டுவது குறைப்பது என்று தெரியாமல், முதல் நாளே திருகைக் கடைசிவரை திருப்பிவிட்டுப் படுத்துவிட்டாள். ஊரிலிருந்து எல்லாருக்கும் கொடுக்கக் கொண்டுவந்த வேர்க்கடலை மிட்டாய் உருகிப் பாயோடு ஒட்டிக்கொண்டது. பாயைச் சுரண்டியவள் மால்சுன். குளியலறைச் செருப்போடு கூடத்துக்கு வந்தாள். மீன் முள்ளைக் காகிதக் குப்பையில் போட்டாள். பக்கத்து ரூம் பாத்தாவிடம் பேச்சுக் கற்றுக்கொண்டது எல்லாவற்றையும்விடப் பெரிய வினை. பாத்தா மங்கோலியப் பையன். கதவில் நுழையத் தலையோடு தோளையும் குனிய வேண்டிய உருவம். மல்யுத்தக் கூடத்தில் கொரிய மொழி கற்றவன், மரியாதை என்றால் என்னவென்று கேட்பான். அவனிடம் கற்றதும் வகுப்பில் கற்றதும் லுவாவின் வாயில் கலந்துகொண்டன.

"சித்தி, நீ சாப்டியா?" என்று மால்சுனைக் கேட்பாள். வாசலில் வந்து படுக்கும் தெருப் பூனையிடம் போய்க் குனிந்து, "நீங்க சாப்ட்டீங்களா? வெளிய குளிரா இருக்குங்களா?" என்பாள்.

"ஏண்டி, என்னைவிடப் பூனைக்கு வயசு ஜாஸ்தியா?"

"மன்னிக்கணும்ங்க" என்று லுவா சொல்வாள், மறுபடியும் பூனையைப் பார்த்து.

பாத்தா சோற்றுக் கிண்ணத்தோடு உருண்டு உருண்டு சிரிப்பான்.

வகுப்பு காலை ஒன்பதுக்கு. மத்தியானம் வந்ததும் லுவா அடுப்படி மேஜையிலேயே உட்கார்ந்துவிடுவாள். மால்சுன் பூண்டு உரிப்பாள், இவள் பாடம் படிப்பாள். படித்ததையெல்லாம் மால்சுன் மேல்தான் பிரயோகிப்பாள். கடையில் பொருள் வாங்கும் பாடம் என்றால் மால்சுன் கடைக்காரி. மருத்துவமனைப் பாடம் என்றால் மால்சுனுக்கு வயிற்றுவலி. "எங்க வலிக்குது?" "உன்னைப் பாத்தாலே தலை வலிக்குதுடி." "தலை வலி. எப்போலேருந்து?" "மார்ச்லேருந்து."

இந்த வீட்டில் இப்படி அளந்த பெண், பேச்சுப் பரீட்சையில் ஆசிரியைக்கு எதிரே உட்கார்ந்ததும் வாயடைத்துப் போய்விட்டாள். முதல் வகுப்பை எப்படியோ தாண்டினாள். இரண்டாம் வகுப்பில், ஆகஸ்ட் மாதம், தோற்றுவிட்டாள். எழுத்துப் பரீட்சையில் நல்ல மார்க்தான், பேச்சில்தான் போயிற்று. ஒரே வகுப்பில் இரண்டாம் தரமும் தோற்றால் அந்தப் பள்ளியில் இடம் கிடையாது. பள்ளி இல்லையென்றால் விசா இல்லை. பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மகள் கொரியா போய்ப் படித்து, தாதிப் பள்ளியில் சேர்ந்து, வெள்ளைச் சட்டை போடுவாள் என்று நம்பி வீட்டையே அடமானம் வைத்திருந்தாள் லுவாவின் அம்மா.

தோற்ற செய்தி வந்த நாலாம் நாளே தரகர் மா போன் போட்டார். அந்தத் தெருவில் எந்த ரூம் எப்போது காலியாகும் என்று மூக்கிலேயே வாசனை பிடிக்கிற ஆள்.

"அந்த வியட்நாம் பொண்ணு போயிரும்னாங்களே? நவம்பர்ல ரூம் காலியாவுமா? நல்ல பார்ட்டி ஒண்ணு இருக்கு."

"பரீட்சை இன்னும் நடக்கல. அதுக்குள்ள உமக்கென்ன அவசரம்?"

"தோத்தாப் போய்த்தானே ஆகணும்?"

"போனை வையும்யா" என்றாள் மால்சுன். அன்று மாலை கரண்டிச் சத்தமே கேட்கவில்லை. பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்கள்.

அந்த வாரத்திலேயே லுவாவின் பிறந்த நாள் வந்தது. தோற்றவளுக்குப் பிறந்த நாள் என்ன வேண்டியிருக்கிறது என்று லுவா யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் தன் வீட்டுப் பிள்ளைகளின் பிறந்த நாள் மால்சுனுக்கு மனப்பாடம். காலையில் லுவா இறங்கி வந்தபோது மேஜையில் கடற்பாசி சூப் ஆவி பறக்க இருந்தது. மாட்டிறைச்சி போட்டு, நல்லெண்ணெய் விட்டு, பாசி வெண்ணெய் மாதிரி வெந்து. பிறந்த நாளுக்கு அதைத்தான் குடிக்க வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற பத்திய சூப் அது. பெற்றவளை நினைத்துக்கொண்டு பிள்ளை வருஷா வருஷம் குடிக்கிறது.

லுவா ஒரு கிண்ணம் குடித்தாள், இன்னொன்றும் குடித்தாள். பிறகு கேட்டாள்.

"சித்தி, உன் பொறந்த நாள் எப்போ?"

"பழைய நிலாக் கணக்குல பத்தாம் மாசம், பௌர்ணமிக்கு மறுநாள்."

"யார் சூப் வைப்பாங்க?"

"எனக்கா? யாரும் வெச்சதில்ல. நானும் வெச்சுக்கறதில்ல." மால்சுன் பூண்டை உரித்துக்கொண்டே, ஊர்க்கதை சொல்கிற மாதிரிதான் சொன்னாள். "எங்கம்மாவுக்கு நான் கடைசி. எனக்கு முன்னாடி பொறந்தது அத்தனையும் பொட்டை. இதாவது பையனா இருக்கும்னு எல்லாரும் காத்துக் கெடந்திருக்காங்க. வந்து விழுந்தேன் நான். திரும்பவும் பொண்ணான்னு மாமியார்க்காரி மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. எங்க தீவுல கடற்பாசிதான் பொழப்பே. கொட்டகை நெறையக் காஞ்ச பாசி கெடக்குது. பெத்தவளுக்கு ஒரு வாய் சூப் வெச்சுக் குடுக்க ஆளில்ல. மூணாம் நாள் எழுந்து, கிம்ச்சி ஊறுகாய்க்குக் கோஸ் கழுவப் போயிட்டா எங்கம்மா. ஐஸ் தண்ணியில."

லுவா ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"அவளுக்குக் கெடைக்காத சூப் எனக்கென்ன கேடு? அதான் குடிக்கிறதில்ல. சரி சரி, எழுந்திரு. பாடம் இல்லையா உனக்கு?"

பாதிகூடப் புரிந்திருக்காது அந்தப் பெண்ணுக்கு என்று மால்சுன் நினைத்துக்கொண்டாள். புரியாத ஆளிடம்தான் அவளால் இதையெல்லாம் சொல்ல முடிந்திருக்கிறது. புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

இலையுதிர் காலம் வந்தது. லுவா விழுந்து விழுந்து படித்தாள். பூனையிடம் நீயென்றும் மால்சுனிடம் நீங்களென்றும் ஒழுங்காகப் பேச வந்துவிட்டது, பூனைக்குத்தான் கொஞ்சம் வருத்தம். சந்தையில் மிளகாய்த்தூள்காரனோடு லுவா ஒரு நாள் சண்டையே போட்டு ஜெயித்துவிட்டு வந்தாள். மால்சுன் வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் பரீட்சை நெருங்க நெருங்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்பது மாதம்தான் ஆகிறது, நேற்று வந்த பெண். அவள் போய்விட்டால் அடுப்படி மேஜையில் எதிர் நாற்காலி காலியாக இருக்குமே என்று பூண்டு உரிக்கும்போதெல்லாம் நினைப்பு வந்தது. அவள் வீட்டுக்கு எத்தனையோ பிள்ளைகள் வந்து போயிருக்கிறார்கள். இப்படி ஒரு தடவையும் ஆனதில்லை.

பரீட்சை வாரத்தில் அந்த வீட்டுக்குச் சட்டம் உண்டு. கடற்பாசி கூடாது. வழுக்குகிற சாமான், தின்றவன் பரீட்சையில் வழுக்கி விழுவான். அடுப்படியில் இருந்த பாசிப் பொட்டலம் எல்லாவற்றையும் மூட்டை கட்டி எதிர்வீட்டுச் சலவைக்காரர் கடையில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். பதிலுக்குச் சந்தையிலிருந்து ஜவ்வு மிட்டாய் வந்தது. ஒட்டிக்கொள்கிற சாமான். காலையில் ஒன்றைத் தின்றுவிட்டுப் போனால் பாஸும் ஒட்டிக்கொள்ளும். சுவர்க் காலண்டரில் பரீட்சைத் தேதியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டபோது, தேதிக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்த பழைய கணக்கும் அவள் கண்ணில் பட்டது. பத்தாம் மாதம், பௌர்ணமிக்கு மறுநாள். அட, இதுவும் ஒரு நாளா என்று உதட்டைச் சுழித்துவிட்டுப் போய்விட்டாள்.

லுவா ஊரிலும் பழைய கணக்கு உண்டு என்பதை அவள் யோசிக்கவே இல்லை.

பரீட்சையன்று விடியும் முன்பே எழுந்து, மேட்டுக்குப் பின்னாலிருக்கும் சின்னப் புத்தர் கோயிலுக்குப் போனாள் மால்சுன். மெழுகுவத்தி ஏற்றி, முழங்கால் ரெண்டும் கெஞ்சக் கெஞ்ச விழுந்து விழுந்து கும்பிட்டாள். எனக்கு ஒன்றும் வேண்டாம், அந்தப் பெண் வாயைத் திறக்கட்டும் என்பது மட்டும்தான் வேண்டுதல்.

திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வாசனை வந்துவிட்டது. பூண்டு, நல்லெண்ணெய், அதோடு... மால்சுனுக்குத் திக்கென்றது. தீவில் பிறந்தவள் மூக்கு பொய் சொல்லாது.

அடுப்படி வாசலில், முந்தின நாளே தன் பரீட்சையை முடித்துவிட்ட பாத்தா கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, அகப்பட்டுக்கொண்டவன் மாதிரி நின்றான். உள்ளே பார்த்தாள். கிம்ச்சிக்குக் கோஸ் ஊறவைக்கும் பெரிய சிவப்பு ரப்பர் தொட்டி. அதற்குள் கடற்பாசி. தொட்டி நிரம்பி, விளிம்பைத் தாண்டி, கரும்பச்சையாகத் தரையில் வழிந்துகொண்டிருந்தது. கழுவுமிடத்தில் பாசி. இரண்டு சட்டியில் பாசி. சோற்றுக் குக்கரின் உள்பாத்திரத்தில்கூடப் பாசி. நடுவில் லுவா, முழங்கைவரை பாசி சுற்றிக்கொண்டு.

"சித்தி!" என்று அலறினாள் லுவா. "இது நிக்கவே மாட்டேங்குது! ஊற ஊற வந்துக்கிட்டே இருக்கு! காலையில கொஞ்சூண்டுதான் இருந்துச்சு!"

காய்ந்த பாசியில் ஒரு பிடி ஊறவைத்தாலே ஒரு வீட்டுக்குப் போதும். இவள் முழுக்கட்டையும் தூக்கிப் போட்டிருக்கிறாள். வேறொரு நாளாக இருந்தால் மால்சுன் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள்.

"பரீட்சை நாள்ல! என் வீட்டுல! இத்தனை பாசி!"

"உங்க பொறந்த நாள், சித்தி. பௌர்ணமிக்கு மறுநாள். நான் பாத்தேன். சூப் வெச்சிருக்கேன்..."

"பொறந்த நாளும் ஆச்சு, புடலங்காயும் ஆச்சு! யாரு கேட்டா உன்னை? நீ குடிச்சியா? உண்மையச் சொல்லு, வாயில வெச்சியா?"

"உப்பு பாத்தேன்."

"எவ்ளோ?"

லுவா பாத்தாவைப் பார்த்தாள். பாத்தா கூரையைப் பார்த்தான்.

"ஒரு... கிண்ணம். நல்லா இருந்துச்சு."

மால்சுனுக்குக் கோயிலில் விழுந்து கும்பிட்டதெல்லாம் இந்தத் தொட்டியில் கரைந்துபோன மாதிரி இருந்தது. பயந்துபோனவளுக்கு வாயில் வருவதெல்லாம் கோபமாகத்தானே வரும். வந்தது.

"போ! தோத்துட்டுப் போறதுன்னு முடிவு பண்ணிட்டே இல்ல? போய்ச் சேரு! திரும்பி என் மூஞ்சியில முழிக்காதே, அப்படியே பெட்டியக் கட்டிக்கிட்டு உங்கம்மாகிட்ட ஓடிப்போ!"

லுவா கையிலிருந்த பாசியை மெல்லப் பிரித்துத் தொட்டியில் போட்டாள். கையைத் துடைத்தாள். பையை எடுத்துக்கொண்டு, வகுப்பில் சொல்லிக்கொடுத்த மாதிரி இடுப்பை வளைத்துக் குனிந்து, "போயிட்டு வரேங்க" என்றாள். அந்த மரியாதைதான் மால்சுனைக் கொன்றது. கதவு மூடிய பிறகுதான் மேஜை ஓரத்தில் காகிதத்தில் சுற்றி வைத்த ஜவ்வு மிட்டாய் அப்படியே கிடப்பதைப் பார்த்தாள்.

அதன் பக்கத்தில் இரண்டு கிண்ணம் சூப். இரண்டு ஸ்பூன், இரண்டு ஜோடி குச்சி, ஒழுங்காக. சூடு இன்னும் போகவில்லை.

"பாரு கூத்தை!" என்றாள் மால்சுன், பாத்தாவிடம். "உப்பு பாத்தது போதாதுன்னு எங்கூட உக்காந்து இன்னொரு கிண்ணமும் குடிக்கறதா இருந்திருக்கா மகராசி."

"அது அவளுக்கில்ல, சித்தி."

"பின்ன உனக்கா, தடியா?"

பாத்தா தலையைச் சொறிந்தான். "உங்கம்மாவுக்காம்."

மால்சுன் இரண்டாவது கிண்ணத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"டவுன் பக்கம் பெரிய சந்தையில காஞ்ச பாசி விக்கற ஒரு அம்மாகிட்டப் போனோம். பொறந்த நாளுக்கான்னு கேட்டாங்க. இவ, இல்ல, புள்ள பெத்தவங்களுக்குன்னு சொன்னா. எப்ப பெத்தாங்கன்னு கேட்டாங்க. அறுபத்துச் சொச்சம் வருசம் ஆச்சுன்னா. அந்தம்மா முழிச்சாங்க. அப்புறம் உள்ள போயி நீளமா ஒரு கட்டு எடுத்தாந்தாங்க. மடிக்கக் கூடாது, ஒடிக்கக் கூடாது, பேரம் பேசக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. பஸ்ல நான்தான் நிமித்திப் புடிச்சுக்கிட்டு வந்தேன். உக்காரவே இல்ல. எல்லாரும் என்னையே பாத்தாங்க."

மால்சுன் குனிந்தாள். தொட்டி ஓரத்தில் வைக்கோல் கயிறு கிடந்தது. பாசியில் ஒரு இலையைப் பிடித்துத் தூக்கினாள். தூக்கத் தூக்க வந்துகொண்டே இருந்தது, எங்கும் மடிப்பில்லை, எங்கும் முறிவில்லை. பேறு நல்லபடியாக இருக்க வேண்டுமென்று பிள்ளைத்தாச்சிக்கு வாங்குகிற முழுப்பாசி. அவள் பிறந்த நாளன்று கொட்டகையில் கட்டுக் கட்டாகக் கிடந்தது இதுதான். அவள் அம்மா பேருக்கு அதிலிருந்து ஒரு கட்டை ஒருத்தரும் அவிழ்க்கவில்லை. வியட்நாமிலிருந்து வந்த ஒரு பெண் அவிழ்த்திருக்கிறாள், தன் பரீட்சை நாளில்.

பாதிகூடப் புரிந்திருக்காது என்றல்லவா நினைத்தாள்! எல்லாமே புரிந்திருக்கிறது அந்தப் பெண்ணுக்கு.

மால்சுன் மேஜை முன்னால் உட்கார்ந்தாள். முதல் கிண்ணத்தைக் குடித்தாள். இரண்டாவதைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, "அம்மா, இந்தா" என்று சத்தமில்லாமல் சொல்லிவிட்டு, அதையும் குடித்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பாத்தா அதற்குள் நாசூக்காக முதுகைத் திருப்பிக்கொண்டு தரையைத் துடைக்க ஆரம்பித்திருந்தான்.

பிறகு ஜவ்வு மிட்டாயைக் கையில் எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறினாள்.

மொழிப்பள்ளியின் இரும்புக் கதவுப் பக்கம் யாருமில்லை. மால்சுன் மிட்டாயில் ஒரு துண்டைப் பிய்த்து, வாயில் போட்டு இளக்கி, கதவுத் தூணில் வைத்து அழுத்தினாள். குளிருக்கு ஒட்டவில்லை. ஊதி ஊதி அழுத்தினாள். காவல்காரர் தன் கூண்டிலிருந்து இறங்கி வந்தார். அவள் வயசுதான் இருக்கும்.

"என்னம்மா பண்றீங்க? தூணுக்குப் பெயிண்ட் அடிச்சு ஒரு மாசம்கூட ஆகல."

"பரீட்சை நடக்குதில்ல உள்ள?"

"நடக்குது. அதுக்கு? இது என்ன காலேஜ்ல சேர்ற பெரிய பரீட்சையா? தாய்மாருங்கல்லாம் அதுக்குத்தான் வந்து ஒட்டுவாங்க. இது வெளிநாட்டுப் புள்ளைங்க எழுதற வகுப்புப் பரீட்சை."

"எனக்கு இதுதான் பெரிய பரீட்சை" என்றாள் மால்சுன். "எம் பொண்ணு உள்ள இருக்கா."

சொல்லிவிட்டு அவளே கொஞ்சம் மிரண்டு போனாள். காவல்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். வெளிநாட்டுப் பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் இந்தச் சந்தைக்கார முகத்துக்கு எப்படி மகள் என்று கேட்கப்போகிறார் என்று மால்சுன் சண்டைக்குத் தயாரானாள். அவர் கேட்கவில்லை.

"கொஞ்சம் மேல ஒட்டுங்க. கீழ ஒட்டினா நாய் நக்கிட்டுப் போயிரும்" என்றார்.

எழுத்துப் பரீட்சை முடிந்து மணி அடித்தது. பேச்சுப் பரீட்சைக்கு முன்னால் கொஞ்ச நேரம் இடைவேளை. பிள்ளைகள் குளிரில் கையை உரசிக்கொண்டு வெளியே வந்தார்கள். லுவா கடைசியாக வந்தாள், கண் வீங்கி, தலையைக் குனிந்துகொண்டு. தூணுக்குப் பக்கத்தில் நின்றவளைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டாள்.

"வா இங்க" என்றாள் மால்சுன்.

வந்தாள்.

"குடிச்சேன்."

லுவா நிமிர்ந்து பார்த்தாள்.

"ரெண்டு கிண்ணமும் குடிச்சேன். என்னுது ஒண்ணு, எங்கம்மாது ஒண்ணு. உப்பு தூக்கல். பாசிய இன்னும் ரெண்டு தண்ணி அலசியிருக்கணும். ஆனா..." மால்சுன் மிட்டாயின் காகிதத்தை உரித்தாள். "ஆனா நல்லா இருந்துச்சுடி. இத்தனை வருசத்துல ஒருத்தியும்... சரி, அது கெடக்கட்டும். காலையில நான் சொன்னதெல்லாம் பயத்துல சொன்னது. பெட்டிய யாரும் கட்ட வேணாம். புரியுதா?"

"புரியுது" என்றாள் லுவா. அழுதாள். கூடவே சிரிக்கவும் செய்தாள்.

"அழாதே, மூக்கு அடைச்சுக்கும், அப்புறம் பேச்சு எப்படி வரும்? வாயைத் தொற." மிட்டாயில் பெரிய துண்டை அவள் வாயில் திணித்தாள். "அந்த டீச்சர்கிட்ட பயந்துக்கிட்டுப் பாடம் ஒப்பிக்காதே. மிளகாய்த்தூள்காரன்கிட்ட பேசின மாதிரி பேசு. எங்கிட்ட வாயடிக்கிற மாதிரி பேசு. போ. மிட்டாய முழுங்கிட்டு உள்ள போ, பல்லுல ஒட்டிக்கிட்டுப் போகாதே!"

அன்று மாலையிலிருந்து அந்தத் தெருவே கடற்பாசி சூப் குடித்தது. சலவைக்காரருக்கு ஒரு சட்டி, மிளகாய்த்தூள்காரனுக்கு ஒரு சட்டி, பள்ளிக் காவல்காரருக்கு ஒரு சட்டி. பாத்தா மூன்று வேளையும் குடித்து, கனவில்கூடப் பாசிதான் வருகிறது என்று முறையிட்டான். லுவா பேச்சுப் பரீட்சையில் என்ன பேசினாளென்று மால்சுன் கேட்கவில்லை. தரகர் மாவின் எண் போனில் வந்தால் எடுக்காமல் அணைத்துவிட்டாள்.

முடிவு வந்த நாளன்று மால்சுன் வீட்டில் கிம்ச்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். அதே சிவப்புத் தொட்டியில் மிளகாய் விழுது. மால்சுன் முழங்கைவரை ரப்பர் கையுறை போட்டு, கோஸின் இலை இலையாக விரித்து விழுதைத் தடவிக்கொண்டிருந்தாள். பாத்தா கோஸ் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். வாசல் கதவு படாரென்று திறந்தது. லுவா ஓடி வந்து, கூடத்தில் நின்று மூச்சு வாங்கினாள்.

"மூணாம் வகுப்பு" என்றாள் லுவா. "சித்தி, மூணாம் வகுப்பு!"

பாத்தா கோஸைத் தொப்பென்று போட்டுவிட்டு ஊர் கேட்கக் கத்தினான். மால்சுன் எழுந்திருக்கப் பார்த்தாள், முழங்கால் விடவில்லை. கட்டிக்கொள்ளலாமென்றால் கையெல்லாம் மிளகாய். என்ன செய்வதென்று தெரியாமல், விழுது தடவிய இளங்கோஸ் இலை ஒன்றைப் பிய்த்து, ஒரு துண்டு சிப்பிச் சதையை உள்ளே வைத்துச் சுருட்டி, கையை நீட்டினாள்.

"வாயைத் தொற."

லுவா முழங்காலிட்டு உட்கார்ந்து வாயைத் திறந்தாள். கன்னம் உப்ப, கண்ணில் நீர் வர மென்றாள். அந்த நேரம் பார்த்து மேஜையில் போன் அடித்தது.

"தரகர் மா" என்று எட்டிப் பார்த்துச் சொன்னான் பாத்தா.

"எடு. எடுத்து எங்காதுல வை."

பாத்தா குனிந்து போனை அவள் காதோரம் பிடித்தான். அந்தப் பக்கத்திலிருந்து தரகர் என்னவோ வேகமாகச் சொல்லிக்கொண்டே போனார். மால்சுன் கடைசிவரை கேட்டாள். இன்னொரு இலையைச் சுருட்டிக்கொண்டே பேசினாள்.

"இல்லய்யா, அது காலியாகாது. வாடகைக்கு விடற ரூம் மேல ரெண்டு இந்த மாசம் காலியாகுது, வந்து பாக்கச் சொல்லும். அந்த ரூம்ல எம் பொண்ணு இருக்கா."